அரிப்புக் கடலும் கண்ணாடித் தொட்டியும்

மன்னார்ப் பெருநிலத்தின் மேற்குக் கரையில், அருவியாறு கடலொடு கலக்கும் இடத்திற்குத் தெற்கே அமைந்த சிற்றூர் அரிப்பு. கண்டி மன்னனின் காவலிலிருந்து தப்பி ஆற்றோரமாகக் காடு கடந்து வந்த றொபேட் நொக்ஸ், 1679-ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டை இவ்வூரிலேயே உள்ளது. தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801-இல் தொடங்கிக் கட்டுவித்த மாளிகையும் இவ்வூரின் கடற்கரை மேட்டில்தான் எழுந்தது. அதன் சுவர்கள் இன்று கரையரிப்புக்கு இரையாகிச் சிறிது சிறிதாகக் கடலில் விழுந்து கொண்டிருக்கின்றன. ஆளற்ற வெண்மணற் கரையில் தேசாதிபதிக்கு மாளிகை எதற்கு என்று எவரும் வினவலாம். விடை கரையில் இல்லை. பல மைல் தொலைவில், ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில், ‘பார்’ எனப்படும் கடலடித் திட்டுகளில் அது கிடந்தது. முத்துச்சிப்பியே அது.

முத்துச்சிப்பியைப் பற்றி ஆட்சியாளரை ஓயாது வாட்டிய கேள்வி ஒன்று உண்டு. ஓர் ஆண்டில் பாரெங்கும் சிப்பி நிறைந்திருக்கும்; அடுத்த சோதனையில் வெறும் மணலே காணப்படும். அவை இறந்தனவா, இடம் பெயர்ந்தனவா, களவு போயினவா? சுழியோடி ஒரு மூச்சுக்கு ஒரு நிமிடமளவே கீழே தங்குவான். அவன் கூறுவதையும் கூடையில் வருவதையும் கொண்டு சிப்பியின் வாழ்க்கையை அறிதல் இயலாது. அதனைக் கடலினின்று எடுத்து வந்து, உயிரோடு ஒரு பாத்திரத்தில் வைத்து, நாள் முழுதும் கண்ணாற் பார்க்க வேண்டும். இங்ஙனம் கடலைப் பாத்திரத்தில் அடைக்கும் கலையே இன்று வீட்டுக் கூடங்களில் முருகைக்கல்லும் வண்ண மீனும் விளங்கும் பெருந்தொட்டிகளாக வளர்ந்துள்ளது. அக்கலையின் இளமைக் காலத்திலேயே அரிப்புப் பாரின் ஆராய்ச்சி அதனைத் துணைக்கழைத்தது என்பது பலர் அறியாத செய்தி.

கடலுயிர் பாத்திரத்தில் ஏன் சாகிறது? தேங்கிய நீரில் பிராணவாயு விரைவில் குறைகிறது; உயிரின் கழிவோ நாளுக்கு நாள் பெருகுகிறது. இலண்டனில் வாழ்ந்த அன்னா தின் என்னும் பெருமாட்டி 1846-இல் டோர்க்கி கடற்கரையிலிருந்து உயிருள்ள கற்பவளங்களை வீட்டுக்குக் கொண்டு சென்றார். கடலோ எட்டாத் தொலைவு. நீரை மாற்ற வழியில்லை. எனவே வீட்டுப் பணிப்பெண் நாள்தோறும் திறந்த சாளரத்தின் முன்னே நின்று, அந்நீரை ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நெடுநேரம் ஊற்றி ஊற்றிக் காற்றூட்டினாள். மறு ஆண்டில் அம்மையார் கடற்பாசியையும் சேர்த்து வைத்தார், பவளங்கள் பிழைத்தன. வரலாற்றில் அம்மையாரின் பெயராவது நின்றது. கை நோக ஊற்றியவளின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை.

றொபேட் வாரிங்டன் என்ற இரசாயன அறிஞர் 1850-இல் மீன், நீர்ப்பூண்டு, நத்தை ஆகிய மூன்றையும் ஒரே தொட்டியில் சேர்த்து, ஒன்றின் கழிவு மற்றொன்றின் உணவாகும் சமநிலையை விளக்கினார். பின்னர் கடல்நீரிலும் அதனைச் செய்து காட்டினார். 1853-இல் இலண்டன் விலங்கியற் சங்கத் தோட்டத்தில் பொதுமக்களுக்கான மீன்மனை திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிலிப் ஹென்றி கோஸ் இப்பொருள் பற்றி ஒரு நூலே எழுதினார். கண்ணாடித் தொட்டி வைத்திருப்பது இங்கிலாந்தில் பெரும் மோகமாயிற்று.

இதே காலத்தில் அரிப்புக் கரை சோர்ந்து கிடந்தது. 1837-க்குப் பின் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இலங்கையில் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. 1855-இல் மீண்டும் தொடங்கியபோது, தேசாதிபதி ஹென்றி வார்டின் அரசாங்கம் சிப்பியின் இயல்பை ஆராயுமாறு ஒரு மருத்துவரை நியமித்தது. அவரே எட்வர்ட் பிரெடரிக் கெலார்ட். 1819-இல் இலங்கையிற் பிறந்து, எடின்பரோவிற் பயின்று, படை மருத்துவராயிருந்தவர். இந்நாட்டு விலங்குகளைப் பற்றி 1852-இலேயே நூல் செய்தவர். திருகோணமலைக் கடலில் அவர் ஓடில்லாக் கடல் நத்தைகளையும் ஆராய்ந்து வண்ணப் படங்கள் வரைவித்தார். இறந்து சாராயத்தில் இடப்பட்டவுடன் அவ்வுயிர்கள் நிறமிழந்து சுருங்கிவிடும். உயிரோடு நீரில் வைத்துப் பார்த்தவரே அவற்றின் அழகை எழுத முடியும்.

கெலார்ட் 1857 முதல் முத்துச்சிப்பியை ஆராய்ந்தார். உயிருள்ள சிப்பிகளைத் திருகோணமலையில் கடல்நீர்ப் பாத்திரங்களில் வைத்துக் கவனித்தார். சிப்பி தன் உடலிலிருந்து சுரக்கும் பசிய நூலிழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும். ஒருமுறை பற்றினால் சாகும்வரை அவ்விடமே கதி என்பதே அதுவரை பலரும் நம்பியது. கெலார்ட் கண்டது வேறு. சிப்பி தன் இழைகளைத் தானே கழற்றிவிட்டு, நாக்குப் போன்ற காலை நீட்டி மெல்ல ஊர்ந்து, புதிய இடத்தில் புதிய இழை விட்டுப் பற்றிக்கொண்டது. ஓரளவு உவர் குறைந்த நீரிலும் அது உயிர் தாங்கியது. அங்ஙனமாயின் அதனை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் குடியேற்றலாம் அன்றோ? முத்து உண்டாவதற்குச் சிப்பியின் உடலிலுள்ள புழுக்கள் காரணமாகலாம் என்றும் அவர் எழுதினார். 1860-இல் இங்கிலாந்துக்குச் செல்லும் வழியில் கப்பலிலேயே அவர் காலமானார். இம்மண்ணிற் பிறந்த முதல் கடலுயிர் ஆய்வாளருள் ஒருவரான அவருக்கு நம் பாடநூல்களில் இடம் கிடைக்காதது வருந்தத்தக்கதே.

1863-ஆம் ஆண்டுச் சலாபத்தின் பின் பார்கள் மறுபடியும் வறண்டன. இம்முறை அரசாங்கம் அழைத்து வந்தவர் ஹோல்ட்ஸ்வேர்த். முன்னே கூறிய இலண்டன் மீன்மனைக்கு 1860-இல் கைந்நூல் எழுதியவர் இவரே! கண்ணாடித் தொட்டியின் நுணுக்கமெல்லாம் அறிந்த ஒருவர் அரிப்பின் மணற்கரைக்கு வந்து சேர்ந்தார். ஆயினும் அவர் இருந்த காலத்தில் பாரில் சிப்பி பெருகவில்லை. 1874 வரை சலாபமும் இல்லை. ஓய்ந்த பொழுதில் அவர் பறவைகளைக் கவனித்தார் போலும். 1872-இல் வெளிவந்த அவருடைய இலங்கைப் பறவைப் பட்டியலில் அரிப்பின் பெயர் பலமுறை வருகின்றது. சிப்பியைத் தேடி வந்தவரை அரிப்பு பறவை நூலாசிரியராக்கி அனுப்பியது. எதிர்க்கரையான தூத்துக்குடியிலும் அதே பத்தாண்டுகளில் கப்டன் பிப்ஸ் என்பவர் துறைமுகத்தினுள் சிப்பி வளர்க்கும் நாற்றங்கால் அமைக்க முயன்றார். வண்டல் படிந்து அம்முயற்சி அழிந்தது.

பாத்திரம் சிப்பியின் இயல்பைக் காட்டியது. கடலின் இயல்பைக் காட்டவில்லை. இவ்வேறுபாடு 1902-இல் ஐயமற விளங்கிற்று. அவ்வாண்டு லிவர்ப்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன், உதவியாளர் ஜேம்ஸ் ஹோர்னெலுடன் இலங்கைக்கு வந்து, ‘லேடி ஹவ்லொக்’ என்னும் நீராவிக் கப்பலில் மன்னார்க் குடாவின் பார்களைச் சோதித்தார். தெளிந்த நீருள்ள காலியில் ஆய்வுகூடமும் தொட்டிகளும் அமைக்கப்பட்டன. கெலார்ட் கண்டவை அங்கே மீண்டும் காணப்பட்டு உறுதியாயின. ஆனால் பெரிய பார் கற்பித்த பாடம் எத்தொட்டியிலும் கிடைத்திராது. மார்ச்சு மாதத்தில் அப்பாரின் பரப்பெங்கும் இளஞ்சிப்பி எண்ணிலடங்காது மண்டிக் கிடந்தது. நவம்பரில் ஒன்றும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைக்கும் நீரோட்டத்துக்கும் நேர்முகமாக, ஆழ்கடலின் விளிம்பருகே அப்பார் அமைந்துள்ளது. அலை கிளப்பிய மணல் மூடியும், நீரோட்டம் வாரிச் சென்றும் அத்தனையும் அழிந்தன. எஞ்சியவற்றைத் திருக்கையும் கிளாத்தியும் நட்சத்திர மீனும் உண்ணக் காத்திருக்கும். களவும் வேண்டியதில்லை, இடம்பெயர்தலும் வேண்டியதில்லை. பெரிய பாரில் பிறந்து வீணாகும் குஞ்சுகளை அள்ளி, மறைவான உட்பார்களில் இடுக என்பது ஹெர்ட்மனின் பரிந்துரைகளுள் முதன்மையானது. சிப்பி புதிய இடத்தில் மீண்டும் இழை விட்டுப் பற்றும் என்று பாத்திரத்திற் கண்ட உண்மையே அப்பரிந்துரைக்கு அடிப்படை.

அறிவுரை நின்று நிலைப்பதற்குள் ஆசை முந்திக்கொண்டது. 1903 முதல் சலாபங்கள் பெருவளம் தந்தன. 1905-இல் மட்டும் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. மயங்கிய அரசாங்கம் 1906-இல் பார்களை இலண்டன் கம்பனி ஒன்றுக்கு ஆண்டுக்கு 310,000 ரூபா வீதம் இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907-க்குப் பின் எடுக்கச் சிப்பி இல்லை. 1912-இல் கம்பனி கலைந்தது. விதைக்கப் பொறுமையில்லாதவன் அறுவடைக்கு மட்டும் அரிவாளோடு வந்த கதைதான் இது. 1925-இல் மீண்டும் ஒரு சலாபம் நடந்தது. அதன் பின் பழைய பெருங்கூட்டம் இக்கரையில் கூடியதில்லை.

இனி, தொட்டியின் கதையைத் தொடர்வோம். அன்னா தின் அறியாத ஒன்றை 1890-இல் வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிஞர் கண்டறிந்தார். மீனின் கழிவிலிருந்து எழும் அமோனியா நஞ்சை, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் படிப்படியாகத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாக மாற்றுகின்றன. இந்நுண்ணுயிர் குடிகொள்ளும் இடம் கல்லின் துளைகளே. யகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து உயிர் நிறைந்த கற்களை அப்படியே எடுத்துத் தொட்டியிலிட்டு, சிறிது காற்றுக் குமிழி மட்டும் செலுத்திப் பவளங்களை வளர்த்தார்; 1961-இல் அம்முறையை எழுதி வெளியிட்டார். இன்று வீடுகளில் அமையும் பவளத் தொட்டிகள் பெரும்பாலும் இவ்வழி வந்தவை.

ஆறடி நீளம், ஈரடி அகலம், ஈரடி உயரம் உள்ள தொட்டி ஏறத்தாழ 680 லீற்றர் கொள்ளும். நீரின் பாரம் மட்டும் 700 கிலோகிராம் அளவாகும். தளமும் தாங்கு மேசையும் அதற்கேற்ப அமைதல் வேண்டும். பெருந்தொட்டி ஆடம்பரத்துக்கு என்று எண்ணுதல் தவறு. நீர் மிகுந்தால் வெப்பமும் உவரும் மெல்லவே மாறும். சிறு தொட்டியில் ஒரு மீன் செத்தாலும் எல்லாம் கெடும். ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுமாதலால், குறைந்த அளவுக்கு நன்னீரே ஊற்ற வேண்டும். தொட்டியில் ஒரு கோடிட்டு அக்கோடு வரை நிரப்பும் வழக்கம் கோஸ் காலத்திலிருந்தே வருகிறது. மாரியில் அருவியாறு பெருகிக் கலங்கிய நன்னீர் கடலில் விழும் நாட்களில் முகத்துவாரத்தருகே நீர் முகத்தல் ஆகாது.

முதலிற் கல்; பின்னர் சில வாரக் காத்திருப்பு. அமோனியா அறவே நீங்கிய பின்னரே நத்தைகள், அதன்பின் ஒன்றிரண்டு மீன்கள், இறுதியாகப் பவளம். பவளத்தின் உடலினுள் வாழும் நுண்பாசிக்கு ஒளி வேண்டும்; அதன் மேல் நீர் இடையறாது ஓட வேண்டும். பணிப்பெண்ணின் கை செய்த வேலையை இன்று மின்விசைப் பொறி செய்கிறது. கிளாத்தி கண்ணுக்கு அழகியதுதான். ஆனால் பாரிற் செய்ததையே தொட்டியிலும் செய்யும். சிப்பி, நத்தை, நண்டு எதனையும் விட்டுவைக்காது.

வங்காலை, அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் முருகைப் பாறைகள் உண்டு. வீட்டு வாயிலிலேயே இருப்பதை ஏன் எடுத்தலாகாது என்று கேட்பாருளர். கற்பவளத்தை உடைத்தெடுப்பதை இலங்கைச் சட்டமும் இந்தியச் சட்டமும் தடுக்கின்றன. 1998-இல் நீர் சூடேறிப் பவளங்கள் வெளிறி மடிந்த பின்னர் அத்தடையின் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரு தொட்டியில் வளர்ந்த பவளக் கிளையை வெட்டி மற்றொரு தொட்டியில் நட்டால் அது தழைக்கும். மன்னார்க் குடாவின் மறுகரையிலுள்ள மண்டபத்தில், ஆய்வாளர் அழகு மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்கச் செய்துள்ளனர். கடலைத் தொடாமலே தொட்டியை நிரப்ப வழி பிறந்துவிட்டது.

முத்துச்சிப்பிக்கும் அவ்வழி பிறந்தது. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி 1973-இல் மன்னார்க் குடாச் சிப்பியில் வளர்ப்பு முத்தை விளைவித்தார். 1981-இல் அச்சிப்பியின் முட்டைகள் தொட்டியிலேயே பொரிக்கப்பட்டன. கண்ணுக்குப் புலப்படாது நீரில் நீந்தித் திரிந்த குஞ்சுகள், நுண்பாசியை உண்டு, மூன்று நான்கு வாரங்களில் ஓடு கனத்துக் கீழிறங்கி, கெலார்ட் தம் பாத்திரத்திற் கண்ட அதே பசிய நூலிழையை விட்டுப் பற்றிக்கொண்டன.