இரண்டு சட்டங்கள்

சென்ற நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்தில் பழைய மினி மோட்டார் வண்டி ஒன்றை விலைக்கு வாங்கப் போனவர்கள், அதன் வர்ணத்தையும் இருக்கைகளையும் பார்த்து மயங்குவதற்கு முன்னால், கோட்டைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, பின் சக்கரங்களுக்கு நடுவே கையை நீட்டி, ஒரு திருப்புளியால் குத்திப் பார்ப்பதைச் சம்பிரதாயமாகவே கொண்டிருந்தார்கள். இரும்பு கணீரென்று பதில் சொன்னால் எழுந்து விலை பேசுவார்கள். நமுத்த அப்பளத்தில் விரல் இறங்குவதுபோல் முனை உள்ளே இறங்கிவிட்டால், முகத்தில் உதிர்ந்த துருத்தூளைத் துடைத்துக்கொண்டு, ஒன்று விலையை வெகுவாகக் குறைத்துக் கேட்பார்கள். அல்லது பேசாமல் வீடு திரும்புவார்கள். அவர்கள் குத்திப் பார்த்த அந்த அங்கத்துக்குப் பட்டறைகளில் சப்ஃப்ரேம் என்று பெயர். நாம் அடிச்சட்டம் என்று சொல்லலாம். துருப்பிடித்த இரும்புக்கு ஒரு சரித்திரமா என்று நகைப்பவர்கள் நகைக்கட்டும். சில சாம்ராஜ்யங்களின் சரித்திரத்தைவிட இது சுவாரசியமானது என்பது என் அபிப்பிராயம்.

1956-இல் சூயஸ் கால்வாய் விவகாரம் மூண்டு, அந்த ஆண்டின் முடிவில் பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தபோது, முட்டை வடிவத்துச் சின்னஞ்சிறு ஜெர்மானிய வண்டிகள் அந்நாட்டுத் தெருக்களில் பெருகின. அவற்றைக் கண்டு சகியாத லியோனார்ட் லார்ட், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் என்ற ஹோதாவில், சிறியதாயினும் முறையான ஒரு மோட்டார் வண்டியை நிர்மாணிக்கும் பொறுப்பை அலெக் இஸிகோனிஸிடம் ஒப்படைத்தார். 1906-இல் ஸ்மிர்னா நகரில் பிறந்து, இளமையில் இங்கிலாந்து வந்து சேர்ந்த இவர்தான், யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த மொரிஸ் மைனர் வண்டியை 1948-இலேயே உலகுக்கு அளித்தவர். பத்தடி நீளத்துக்குள் நான்கு பேர் சௌகரியமாக உட்கார வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தால், இயந்திரத்தைக் குறுக்கே திருப்பி வைத்து, பற்சக்கரப் பெட்டியை அதன் அடியிலேயே, ஒரே எண்ணெயில் ஊறும்படி அமைத்து, சக்கரங்களைப் பத்து அங்குலமாகக் குறுக்கி, வில்லுக்குப் பதிலாக அலெக்ஸ் மௌல்டன் என்பவர் வகுத்த ரப்பர்க் கூம்புகளைப் பொருத்தினார். அடியில் தனிச் சட்டம் எதுவும் கிடையாது. முட்டைக்கு அதன் ஓடே எலும்பாக இருப்பதுபோல், வண்டிக்கு அதன் தகட்டு உடலே சுமைதாங்கி.

ஆனால் சோதனைக்காகச் செய்யப்பட்ட முதல் வண்டிகளைக் கரடுமுரடான பாதைகளில் இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தபோது, இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெளிப்பட்டது. சக்கரங்கள் வாங்கிய அதிர்ச்சி முழுவதும் ரப்பர்க் கூம்புகளின் வழியே மெல்லிய தகட்டின் ஒரு சில புள்ளிகளில் சென்று குவிந்து, தகட்டை விரிசல் காணச் செய்தது. எனவே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு இரும்புச் சட்டங்களைத் தனியே செய்து, சக்கரங்களையும் கூம்புகளையும் அவற்றில் பொருத்தி, அவற்றை உடலின் அடியில் மறைகளால் இறுக்கினார்கள். அதாவது, முதற் சிந்தனையில் இடமே இல்லாத அடிச்சட்டம், உடலைக் காப்பாற்றுவதற்காகப் பின்னால் வந்து சேர்ந்த காவலாள். 1959 ஆகஸ்டு 26-ஆம் தேதி மினி வெளிவந்தபோது இதைப் பற்றி யாரும் பேசவில்லை. முதல் ஆண்டில் வாங்கியவர்களின் முறையீடெல்லாம், தரைத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று தவறாகப் படியவைத்ததனால் மழைநீர் உள்ளே புகுந்து கால்களை நனைக்கிறது என்பதாகவே இருந்தது.

இரண்டு சட்டங்களும் ஒரே வண்டிக்காகப் பிறந்தவைதாம். ஆனால் விதி அவற்றை வெவ்வேறு விதமாக நடத்தியது. முன்சட்டத்தின் மீது இயந்திரம் அமர்ந்திருந்தது. அந்த இயந்திரமோ எண்ணெய் கசியவிடுவதில் பெயர்போனது. கோயில் மூர்த்திக்குத் தைலக்காப்புச் சாத்துவதுபோல், அது நாள்தோறும் சொட்டிய எண்ணெய் முன்சட்டத்தின் மீது படர்ந்து துருவை அண்டவிடவில்லை. பின்சட்டத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. முன் சக்கரங்கள் வாரியிறைத்த சேறெல்லாம் அதன் இடுக்குகளில் போய் அடைந்து, கோடையிலும் முற்றாக உலராமல் தங்கிற்று. தகடுகளை மடித்துப் பெட்டிபோல் ஒட்டிய அமைப்பு அது. உள்ளே புகுந்த நீருக்கு வெளியேறச் சிறு துவாரங்கள் உண்டு. சேறு முதலில் அடைப்பது அந்தத் துவாரங்களைத்தான். குளிர்காலத்தில் சாலைகளில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவும் வழக்கம் அந்த ஆண்டுகளில் பரவியது. செஷயர் பகுதியில் வின்ஸ்ஃபோர்டுச் சுரங்கத்தில் வெட்டியெடுக்கப்பட்ட பாறையுப்பு, சாலையில் பிரயாணிகளின் உயிரைக் காத்தது. சாலைக்கு மேலே வண்டிகளின் வயிற்றைத் தின்றது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்துக்கு எளிதில் வழிவிடுவதால், இரும்பு துருவாகும் இரசாயன மாற்றம் பன்மடங்கு துரிதப்படுகிறது. இதில் இன்னொரு விபரீதமும் உண்டு: உப்பு நீரோடு வந்த வண்டியை வெதுவெதுப்பான கொட்டகையில் அன்போடு நிறுத்திவைப்பவனுடைய சட்டம், வெளியே குளிரில் நிறுத்துபவனுடைய சட்டத்தைவிட விரைவில் அரிக்கப்படும்.

இருந்தாலும், துரு மட்டுமே ஒரு தொழிலை உண்டாக்கிவிடாது. சட்டம் ஒடியும்வரை வண்டியை ஓட்டிவிட்டு, ஒடிந்தபின் காயலான் கடையில் தள்ளிவிடுவதே மனித சுபாவம். நம் மொழியில் மரத்தாலும் இரும்பாலும் செய்வதற்கும், அரசாங்கம் இயற்றுவதற்கும் சட்டம் என்று ஒரே பெயர் வாய்த்திருப்பதன் பொருத்தத்தை மினியின் கதையில்போல் வேறெங்கும் நான் கண்டதில்லை. ஏனெனில் அந்த இரும்புச் சட்டத்தின் ஆயுளை நிர்ணயித்தது இந்த மற்றொரு சட்டமே. 1960-இல் போக்குவரத்து மந்திரியாயிருந்த எர்னெஸ்ட் மார்பிள்ஸ் காலத்தில், பத்து ஆண்டு நிரம்பிய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் பரிசோதனை கட்டாயமாயிற்று. பத்து விரைவில் ஏழாகி, 1967-க்குள் மூன்றாகச் சுருங்கியது. ஆரம்பத்தில் பிரேக்கு, விளக்கு, ஸ்டியரிங் இவற்றோடு நின்ற பரிசோதனை, 1977-இல் வண்டியின் உடலமைப்பின் பக்கமும் கண்ணைத் திருப்பிற்று. சக்கரங்களைத் தாங்கும் பொருத்துகளிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இரும்பு பலம் குன்றியிருந்தால் அத்தாட்சிப் பத்திரம் கிடையாது. மினியின் பின்சட்டத்திலோ, பொருத்துகளிலிருந்து அந்தத் தூரத்துக்கு அப்பால் இருக்கும் பாகமே மிகக் குறைவு. இந்தப் பரிசோதனையைச் செய்ய உரிமம் பெற்றவை பெரும்பாலும் தனியார் பட்டறைகள். பழுது கண்டுபிடிப்பவரே பழுது பார்ப்பவராகவும் இருக்கலாம் என்ற ஏற்பாட்டைப் பற்றி அந்நாட்டார் இன்றுவரை முணுமுணுப்பதில் வியப்பில்லை.

அத்தாட்சி மறுக்கப்பட்டவனுக்கு இரண்டு மார்க்கங்கள். ஒட்டுப் போடுவது ஒன்று: அரித்த இடத்தை வெட்டியெறிந்து, புதுத் தகட்டைச் சுற்றிலும் இடைவெளியின்றி வெல்டிங் செய்வது. மலிவான வழிதான், ஆனால் பெட்டி உள்ளிருந்து அரிக்கப்பட்டிருப்பதால், வெளியே நல்லதாகத் தோன்றும் ஓரத்தில் நெருப்பு பட்டவுடன் அதுவும் பொசுங்கி ஓட்டையாகும், ஒட்டுக்கு ஒட்டு, அதன்மேல் ஒட்டு என்று போய், முடிவில் பழைய சட்டத்தில் மிஞ்சுவது பெயர் மட்டுமே. போதாக்குறைக்குப் பெட்ரோல் தொட்டி அருகிலேயே இருக்கிறது. சட்டத்தையே முழுதாக மாற்றுவதுதான் உத்தமமென்று அனுபவசாலிகள் சொல்வதில் நியாயம் உண்டு.

மாற்றுவதும் புத்தகத்தில் படிக்கும்போது எளிதாகவே தோன்றும். பெட்டியறையிலுள்ள பாட்டரியைக் கழற்றி, புகைக்குழாயை இறக்கி, பிரேக்குக் குழாயையும் கைப்பிரேக்குக் கம்பியையும் பெட்ரோல் குழாயையும் விடுவித்து, அதிர்வுதாங்கிகளின் மேல் நுனியை அவிழ்த்தால், மிஞ்சுவது நான்கு மூலைகளிலும் சட்டத்தை உடலோடு பிணைக்கும் மறைகளே. இடப்பக்கத்து அதிர்வுதாங்கியின் நுனி பெட்ரோல் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், தொட்டியை நகர்த்தாமல் அதைத் தொட முடியாது என்பதை முதல் தடவை செய்பவன் மறந்துவிடுவான். 1964 முதல் சில ஆண்டுகள் ரப்பருக்குப் பதிலாக அழுத்தமூட்டிய திரவத்தில் மிதந்த மினிகளுக்கு, அந்த அழுத்தத்தை இறக்கும் வேலை வேறு. உண்மையான சோதனை முன்பக்கத்து மறைகளில் வருகிறது. அவை உடலுக்குள் நிலையாகப் பதித்த நட்டுகளில் முறுக்கப்பட்டவை. பல குளிர்காலங்களின் துருவால் நட்டும் மறையும் ஒன்றாய் இறுகி, சாவிக்கு அசையாமல் நின்று, பின் சட்டென்று தலை வேறு உடல் வேறாக முறியும். முறிந்ததைத் துளையிட்டு எடுப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். எல்லாம் விடுபட்டபின் செய்வது விசித்திரமான காரியம்: சட்டத்தை உருவியெடுப்பதில்லை. அது தன் இரு சக்கரங்களின் மேலேயே நிற்க, வண்டியின் உடலைப் பின்னால் உயர்த்தி, சட்டத்தை ஒரு கைவண்டிபோல் வெளியே உருட்டிவிடுகிறார்கள்.

2000 அக்டோபர் 4-ஆம் தேதி, ஐம்பத்துமூன்று லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்குப் பிறகு, லாங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் மினியின் உற்பத்தி நின்றது. பின்சட்டங்களின் உற்பத்தி நிற்கவில்லை. துத்தநாகம் பூசியவைகூட வாங்கக் கிடைக்கின்றன. 1960-க்கு முன் செய்த வண்டிகளுக்கு 2012-லும், நாற்பது ஆண்டு கடந்த ஏனைய வண்டிகளில் பெருமாறுதல் செய்யப்படாதவற்றுக்கு 2018-லும், ஆண்டுப் பரிசோதனையிலிருந்து அரசாங்கம் விலக்கு அளித்துவிட்டது. அப்படியும், விலக்குப் பெற்ற மினிகளைத் தாங்களாகவே கட்டணம் செலுத்திப் பரிசோதனைக்கு ஓட்டிச் செல்பவர்கள் இருக்கிறார்கள். புறப்படுவதற்கு முந்தின நாள், அவர்களும் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் மல்லாந்து படுக்கிறார்கள்.