பத்தியம் யாருக்கு?

பால்வினை நோய்க்கு எங்கள் திருக்கோவிலூர்ப் பக்கம் பேச்சுவழக்கில் 'பொம்பளைச் சீக்கு' என்று பெயர். ஆணுக்கு வந்தாலும் அது பொம்பளைச் சீக்குதான். பழைய வைத்தியத்தில் சிஃபிலிஸ் 'பரங்கிப்புண்'. அங்கே குற்றவாளி வெள்ளைக்காரன். இரண்டு பெயரிலும் நோயாளி தப்பித்துக்கொள்கிறான். நோய் எங்கிருந்து வந்தது என்பது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. நான் கேட்க விரும்புவது வேறு: நோய் தீர்ந்த பிறகு என்ன? சிகிச்சை முடிந்தவர் மறுபடி எப்போது, யாரோடு, யார் சம்மதத்தின் பேரில் உடலுறவு கொள்ளலாம்? வெறும் மருத்துவக் கேள்விபோலத் தெரியும் இதற்குள் ஓர் அதிகார வரலாறு இருக்கிறது.

நம் மரபில் இதற்கு ஒரு சொல் உண்டு: இச்சாபத்தியம். மருந்துண்ணும் காலத்தில் புளி முதலானவற்றோடு பெண்போகத்தையும் விலக்குவது. விலக்கச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் பெண் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள்: புளிக்குப் பக்கத்தில். பத்தியம் இருப்பவன் ஆண், அவள் விலக்கப்படும் பண்டம். பத்தியம் முறிச்சு, குளிச்சு முழுகி வீட்டுக்காரிகிட்டப் போறவனுக்கு, அவளுக்கும் அதே நோய் இருக்கலாம், அவளும் மருந்து சாப்பிட வேண்டும் என்று தோன்றுவதற்கு இந்தச் சட்டகத்தில் இடமே இல்லை.

காலனி அரசு இதைத் தலைகீழாகச் செய்தது. ஆணை விட்டுவிட்டுப் பெண்ணைப் பூட்டியது. 1864-இன் கண்டோன்மெண்ட் சட்டமும் 1868-இன் தொற்றுநோய்ச் சட்டமும் பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவேட்டில் ஏற்றின. குறித்த நாளில் உடற்பரிசோதனைக்கு வரச் சொல்லின. நோய் கண்டால் லாக் ஆஸ்பத்திரியில் அடைப்பு. சென்னை மாகாணத்தில் பரங்கிமலை, திருச்சி, வெலிங்டன் போன்ற படைமுகாம்களில் இவை இருந்தன. 'குணமாகிவிட்டாள்' என்று டாக்டர் சொன்ன பிறகே விடுதலை. சிப்பாய்க்குப் பதிவேடும் கிடையாது, சீட்டும் கிடையாது.

அந்த நற்சான்றின் மதிப்பு என்ன? வெட்டைநோயின் கிருமியை நெய்சர் கண்டது 1879-இல். சிஃபிலிஸ் கிருமி கண்டறியப்பட்டது 1905-இல். வாஸர்மன் ரத்தப் பரிசோதனை 1906-இல். ஆக, 1868-இல் எந்தக் கிருமி போனது, எது உள்ளேயே தங்கிவிட்டது என்று எந்த டாக்டராலும் சொல்லியிருக்க முடியாது. கண்ணுக்குத் தெரிந்த புண் ஆறியதா என்று மட்டும்தான் பார்க்க முடிந்தது. வெளியே வந்தவளிடம் மறுபடி வருபவன் பரிசோதிக்கப்படாத ஆண். ஃபூக்கோ சொல்லும் கண்காணிப்பு இங்கே நோயைக் கண்காணிக்கவில்லை, பெண்ணை மட்டும் கண்காணித்தது. ஜோசஃபின் பட்லர் போன்றோரின் இயக்கத்தால் இங்கிலாந்தில் இச்சட்டங்கள் 1886-இல் நீக்கப்பட்டன, இந்தியாவில் 1888-இல்.

சட்டம் போனது, பழக்கம் போகவில்லை. 1986-இல் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரது மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தது சென்னையில் பாலியல் தொழிலாளிப் பெண்களின் ரத்தத்தில். கண்டுபிடிப்பு முக்கியமானது. அதன் பிறகு நடந்ததைத்தான் பார்க்க வேண்டும்: தொற்று இருந்த பெண்கள் சிலர் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்திலிருந்து விடப்படவில்லை. நூறாண்டு கழித்தும் அதே லாக் ஆஸ்பத்திரி. அவர்களிடம் வந்துபோன ஆண்களைத் தேடி யாரும் போகவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே வருவோம். உளுந்தூர்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழா. திருநங்கைகள் தாலி கட்டிக்கொள்ளும் இரவு. 1990-களிலிருந்து அங்கே எய்ட்ஸ் விழிப்புணர்வும் ஆணுறை விநியோகமும் நடக்கின்றன. நல்ல காரியம்தான். ஆனால் பிரச்சாரம் யாரை நோக்கிப் பேசுகிறது? திருநங்கையை நோக்கி. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்து, விடிஞ்சதும் வீடு திரும்பும் ஆம்பளையும், வீட்டில் இருக்கும் அவன் மனைவியும் சட்டகத்துக்கு வெளியே.

இன்றைய மருத்துவம் சொல்வது எளிமையானது. வெட்டை, கிளமிடியா இரண்டுக்கும் ஒரே வேளை மருந்தானால், சாப்பிட்ட நாளிலிருந்து ஏழு நாள் உடலுறவு கூடாது. பல நாள் மருந்தானால் கடைசி மாத்திரை வரை. சிஃபிலிஸுக்குப் பென்சிலின் ஊசி போட்ட பின் புண் முழுக்க ஆற வேண்டும், பிறகும் ரத்தப் பரிசோதனை தொடர வேண்டும். எல்லாவற்றுக்கும் பொது விதி ஒன்று: துணைக்கும் சிகிச்சை முடிந்திருக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிக்கச் சொல்வதும் இதனால்தான். மருந்து தோற்று நோய் திரும்புவதைவிட, மருந்து சாப்பிடாத துணையிடமிருந்து திரும்புவதே அதிகம். ஒருமுறை வந்துபோனதால் எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடாது. பெண்ணுடலில் கிளமிடியா பெரும்பாலும் அறிகுறியே காட்டாமல் கருக்குழாய்வரை போய்விடும். எனவே நோயாளி என்பது ஓர் ஆள் இல்லை, ரெண்டு பேரு, சில சமயம் மூணு பேரு.

இந்த விதிக்குள்தான் சிக்கல். 'வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாம்மா' என்று நர்ஸ் சொல்வது சுலபம். கர்ப்பமானதும் எச்.ஐ.வி., சிஃபிலிஸ் பரிசோதனை செய்யப்படுவதால் வீட்டில் முதலில் தெரியவருவது பல நேரம் மனைவியின் நோய். முதலில் தெரிந்தவளே கொண்டுவந்தவள் ஆகிறாள். அடி விழும், அம்மா வீட்டுக்கு அனுப்பப்படுவாள். பொம்பளைச் சீக்கு என்ற பெயர் அங்கே தன் வேலையைச் செய்கிறது.

இனி அந்த ஏழு நாள். அவன் மருந்து சாப்பிடவில்லை, அல்லது 'ஊசி போட்டாச்சு, அவ்ளோதான்' என்று இரண்டாம் நாளே வருகிறான். அவள் வேண்டாம் என்கிறாள். அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு? 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவும், பழைய தண்டனைச் சட்டத்தைப் போலவே, 18 வயது நிரம்பிய மனைவியைக் கணவன் கட்டாயப்படுத்துவதை வன்புணர்ச்சி என்று ஏற்பதில்லை. மருத்துவம் அவளிடம் ஏழு நாள் விலகியிரு என்கிறது. ஒரு நாள்கூட விலகியிருக்கும் உரிமையை இந்தப் பிரிவு அவளுக்குத் தரவில்லை.

பால்வினை நோய்த் தடுப்பில் வேலை செய்யும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். மாத்திரையும் ஆணுறையும் கொடுங்கள். துணையிடம் சொல்லச் சொல்வதற்கு முன், சொன்னால் அவளுக்கு என்ன ஆகும் என்று தனியாக வைத்துக் கேளுங்கள். பத்தியத்தை ஆணிடம், அவன் முகம் பார்த்துச் சொல்லுங்கள். மணவாழ்க்கைக்குள் நடக்கும் வன்புணர்ச்சிக்கு எதிரான கோரிக்கையைப் பெண்ணியவாதிகளின் தனிப் பிரச்சினை என்று ஒதுக்காமல் சுகாதாரக் கோரிக்கையாகவும் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை இந்த ஏழு நாள் மருந்துச்சீட்டில் மட்டும்தான் இருக்கும்.