மலைச்சாலை விபத்துக் களமும் மீட்புப் பணியாளர் பாதுகாப்பும்

சாலை விபத்து நடந்த இடத்தில் வேலை செய்யும் போலீசார், தீயணைப்பு மீட்புப் படையினர், ஆம்புலன்ஸ் ஊழியர்கள், இழுவை வண்டிக்காரர்கள் ஆகியோர்மீது அவ்வழியே வரும் வாகனங்கள் மோதாமல் காக்கும் ஏற்பாடே விபத்துக் களப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. நின்றுபோன வாகனங்களைக் கவனிக்காமல் வரும் வண்டியால் நேரும் அடுத்த மோதலை ‘இரண்டாம் விபத்து’ என்பார்கள். காப்பாற்ற வந்தவரின் உயிரைப் பறிப்பது இதுதான். இதற்கான நெறிமுறைகள் பெரும்பாலும் அகன்ற நெடுஞ்சாலைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. மலேசியாவின் கேமரன் மலையில், குறிப்பாக ரிங்லெட்டை அடுத்த லெம்பா பெர்த்தாம் (பெர்த்தாம் பள்ளத்தாக்கு) பகுதியில், அவற்றை மாற்றிப் பொருத்தினால்தான் பயன் கிடைக்கும்.

சாலையின் இயல்பு

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அதன் பழைய பாதை பேராக் மாநிலத்துத் தாப்பாவிலிருந்து ஏறுகிறது. கூட்டரசுச் சாலை 59 என்னும் அப்பாதை ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாகக் கம்போங் ராஜாவை அடைகிறது. கம்போங் ராஜாவிலிருந்து சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் சாலை பிற்காலத்தது. ரிங்லெட்டிலிருந்து லெம்பா பெர்த்தாம் வழியாகச் சுங்கை கோயான் செல்லும் சாலை மூன்றாவது. ஒன்று அடைபட்டால் மற்றொன்றுக்குப் போக மலையையே சுற்ற வேண்டும். ‘மாற்றுவழியில் செல்லவும்’ என்ற பலகைக்கு இங்கே அதிகப் பொருளில்லை.

1929இல் தொடங்கிய போ, 1933இல் தொடங்கிய பாரத் ஆகிய தேயிலைத் தோட்டங்களின் கொழுந்து வண்டிகளும், பெர்த்தாம் பள்ளத்தாக்கின் காய்கறி, பூ ஏற்றிய லோரிகளும், விவசாயிகளின் பழைய லேண்ட் ரோவர்களும், விடுமுறைக் காலத்துச் சுற்றுலாப் பேருந்துகளும் ஒரே இருவழிச் சாலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருபுறம் மலைச்சுவர், மறுபுறம் சரிவு. ஓரம் ஒதுங்கி நிற்க இடமில்லாத நீளங்கள் பல. பிற்பகலில் மழையோ மூடுபனியோ இறங்கினால் கொண்டையூசி வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்பது அருகே வந்த பிறகே தெரியும்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க இரண்டரை விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 40 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். ஈரமான இறக்கத்தில் நிற்பதற்கு ஏறத்தாழ இன்னும் 50 மீட்டர் வேண்டும். மொத்தம் 90 மீட்டருக்கு மேல். வளைவுகள் பலவற்றில் அதில் பாதித் தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே விபத்துக்குப் பக்கத்தில் கூம்புகளை வரிசையாக அடுக்குவது இங்கே பாதுகாப்பாகாது. எச்சரிக்கை வளைவுக்கு முன்னாலேயே தொடங்க வேண்டும். மலைச்சாலைக்கான முதல் விதி இதுவே.

களத்தை அமைக்கும் முறை

நெடுஞ்சாலையில் வாகனங்கள் ஒரு திசையிலிருந்து மட்டுமே வருகின்றன. முதலில் வந்து சேரும் தீயணைப்பு வண்டி, விபத்துக்கு முன்னால் சாய்வாக நின்று கேடயமாகிறது. அதை யாராவது மோதினாலும் பணியாளர்மீது உருளாதபடி முன்சக்கரங்களை வேறு பக்கம் திருப்பி வைப்பது வழக்கம். ஆம்புலன்ஸ் அந்தக் கேடயத்தின் மறைவில், வெளியேறும் திசையை நோக்கி நிற்கும்.

இருவழி மலைச்சாலையிலோ ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் வருகிறது. ஒரு கேடய வண்டி ஒரு பக்கத்தைத்தான் மறைக்கும். மறுபக்கத்தை மற்றொரு வண்டியோ கொடியேந்திய ஆளோ காக்க வேண்டும். இரு முனைகளிலும் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது என்பதால் வானொலித் தொடர்பு இன்றியமையாதது. ஒரு பக்கத்தை நிறுத்திய பிறகே மறுபக்கத்தைத் திறக்க வேண்டும். இந்த ஒழுங்கு ஒரு முறை தவறினாலும் இரண்டு வரிசைகளும் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும், ஆம்புலன்ஸ் எந்தப் பக்கமும் நகர முடியாது.

மேட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமா என்பதும் முக்கியம். எரிபொருளும், காய்கறித் தோட்டங்களுக்குப் போகும் பூச்சிமருந்தும் சிந்தினால் பள்ளத்தை நோக்கி ஓடும். அதனால் மீட்பு வண்டிகளை மேட்டில் நிறுத்துவது நல்லது. அதேசமயம் பிரேக் சூடேறிப் பிடிக்காமல்போன லோரி வருவதும் அந்த மேட்டுப் பக்கத்திலிருந்துதான். ஆகவே கேடய வண்டி மேட்டில் நிற்க, எச்சரிக்கை ஆள் அதற்கும் மேலே, முந்தைய வளைவைத் தாண்டி நிற்க வேண்டும். நிற்கும் எல்லா வண்டிகளுக்கும் சக்கரக் கட்டை வைக்க வேண்டும்.

இரவில் எல்லா விளக்குகளையும் சுழலவிடுவது பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அளவு மீறிய ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைத்து, அதன் முன்னால் நடமாடும் ஆளை மறைத்துவிடுகிறது. மூடுபனியில் இது இன்னும் மோசம். வண்டி நின்றதும் முகப்பு விளக்கை அணைத்து, எச்சரிக்கைக்குத் தேவையானதை மட்டும் எரியவிடுவதே சரி. ஒளி பிரதிபலிக்கும் மேலங்கியை வண்டியிலிருந்து இறங்குமுன் அணிய வேண்டும், இறங்கிய பின் அல்ல.

சட்டமும் பொறுப்பும்

மலேசியாவில் அவசர அழைப்பு எண் 999. சாதாரண விபத்தில் போக்குவரத்தை முறைப்படுத்துவது போலீஸ், சிக்கியவரை மீட்பது தீயணைப்பு மீட்புப் படை. பேரிடராகும் அளவுக்குப் பெரிய நிகழ்வுகளுக்குத் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் 20ஆம் எண் உத்தரவு (1997) துறைகளுக்குள் பொறுப்பைப் பிரித்துத் தந்தது. சாலைப் பணிகளுக்கான தற்காலிகக் குறியீடுகளைப் பொதுப்பணித் துறையின் தொழில்நுட்ப வழிகாட்டி வரையறுக்கிறது.

பிற நாடுகளில் சட்டம் ஓட்டுநரையும் கட்டுப்படுத்துகிறது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் விபத்துக் களத்தில் பணியாற்றிய மருத்துவ உதவியாளர் ஒருவர்மீது 1994இல் வாகனம் மோதியது. அதன் விளைவாக 1996இல் அங்கு ‘விலகிச் செல்’ சட்டம் பிறந்தது. 2012க்குள் 50 மாநிலங்களும் அதைப் பின்பற்றின. தெற்கு ஆஸ்திரேலியா 2014 முதல், விளக்குகள் சுழல நின்றிருக்கும் அவசர வாகனத்தை மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகத்தில் கடக்கச் சொல்கிறது. ஒதுங்க இடமில்லாத கேமரன் சாலைக்கு ‘விலகு’ என்பதைவிட ‘மெதுவாகப் போ’ என்னும் இந்த முறையே பொருத்தமானது.

இரண்டு நிகழ்வுகள்

2010 டிசம்பர் 20 அன்று, கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்ப் பக்கம் இறங்கிய இரண்டு மாடிச் சுற்றுலாப் பேருந்து கவிழ்ந்து, பெரும்பாலும் தாய்லாந்துப் பயணிகளான 25க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அத்தகைய நேரத்தில் கனரக மீட்புக் கருவிகளும் பல ஆம்புலன்சுகளும் ஒரே மலைப்பாதையில்தான் ஏறி இறங்கியாக வேண்டும். அந்தப் பாதை நெரிசலில் அடைபடாமல் காப்பதும் உயிர்காக்கும் வேலையே.

2013 அக்டோபர் 23 நள்ளிரவுக்குப் பின், கனமழையால் நிரம்பிய சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்து குறைந்தது மூவர் உயிரிழந்தனர், வீடுகளும் வாகனங்களும் சிதைந்தன. சாலை விபத்து அல்ல இது. என்றாலும் இந்தப் பள்ளத்தாக்கில் மழைக்கால இரவில் பணியாற்றும் மீட்புக் குழு சாலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பதை இது காட்டியது. ஆற்றையும் அணையின் சைரனையும் மேலே உள்ள மண்சரிவையும் கவனிக்கத் தனியாக ஓர் ஆள் வேண்டும். ஆள் போதவில்லை என்று அந்த ஒருவரையும் மீட்பு வேலையில் இழுத்துக்கொள்வது ஆபத்தான சிக்கனம்.

முதலில் வருபவர்

சீருடை அணிந்தவர்கள் வருவதற்கு முன் ஓடிவருவது பெரும்பாலும் தோட்டத் தொழிலாளியும் லோரி ஓட்டுநரும்தான். அவர்களுக்குப் பயிற்சியும் இல்லை, பிரதிபலிப்பு மேலங்கியும் இல்லை. அவர்களையும் மீட்புப் பணியாளராகவே எண்ண வேண்டும். தோட்ட அலுவலகங்களிலும் காய்கறிச் சேகரிப்பு நிலையங்களிலும் நான்கு மேலங்கி, இரண்டு கைவிளக்கு, சில கூம்புகள் வைத்திருப்பது பெரிய செலவல்ல.

இடத்தைச் சொல்வதிலும் கவனம் தேவை. நம் பெரியவர்கள் இன்றும் ‘கட்டை’ கணக்கில்தான் வழி சொல்கிறார்கள், கட்டை என்பது மைல். பதினான்காம் கட்டையும் 14ஆவது கிலோமீட்டரும் ஒன்றல்ல, இடையே எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம். 999ஐ அழைக்கும்போது சாலையின் பெயரையும், கல்லில் எழுதியுள்ள கிலோமீட்டர் எண்ணையும், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் திசை என்பதையும் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் ஒருவரை வளைவுக்கு மேலே விளக்குடன் அனுப்புங்கள்.