மலைக்கு அப்பால் ஒரு நீர்வழி

கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வணிகம் பொதிமாட்டையும் தலைச்சுமையையும் நம்பி நடந்ததற்கு, அங்கே ஓடிய ஆறுகள் மழையை நம்பிய சிற்றாறுகளாக இருந்ததே முதற்காரணம் எனலாம். மலைமுகட்டுக்கு மறுபுறத்து நிலை வேறு. சிவகிரி மலையில் பிறந்து, வடக்கு நோக்கிக் காட்டுக்குள் ஓடி, பின்னர் மேற்கே திரும்பிக் கடல் சேரும் பெரியாற்றில் மரமும் மூங்கிலும் நீரோடு பயணம் செய்தன.

அந்த ஆற்றின் கலம் தெப்பம், அதாவது கழிகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிய மிதவை. மலையாளத்தில் சங்காடம் என்பர். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், கிழக்குக் கரையில் மரங்களைப் பிணைத்துச் செய்த கலங்களுக்குத் தரும் 'சங்கரா' என்ற பெயரை இச்சொல்லோடு இணைத்துக் காண்போரும் உண்டு. மூங்கிலின் ஒவ்வொரு கணுவும் உள்ளே அடைப்பாக நிற்பதால், ஓரிடம் வெடித்தாலும் மற்றக் கணுவிடைகளில் காற்று தங்கி, தெப்பம் மூழ்காது. நீரில் அமிழும் ஈட்டிமரம் போன்ற கனத்த மரங்களின் இருபுறமும் மூங்கிலைக் கட்டி மிதக்கவிட்டதும் இதனால்தான். மலையாற்றூர் வழியாகக் கீழிறங்கிய இத்தகைய தெப்பத்தில் கலம் வேறு, சரக்கு வேறு அல்ல. கட்டவிழ்த்தால் அதுவே விற்பனைக்கு வந்த மரம். ஓட்டத்தை எதிர்த்து அது மேலேறாது என்பதால் இவ்வணிகம் ஒருவழியாகவே நடந்தது. கிழக்கே இருந்த கம்பத்துக்கு அதனால் பயனும் இல்லை.

பெரியாற்று அணைக் கட்டுமானம் தொடங்கிய 1887க்குப் பின் நிலை மாறியது. பள்ளத்தாக்கிலிருந்த குருவனூத்தின் சுண்ணாம்புக்கல் கம்பிவடத்தில் மலையேறி, வண்டியில் தேக்கடி சேர்ந்து, படகில் அணைக்குப் போயிற்று. அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் துணிவை விரித்து எழுதுவோர் இந்தப் போக்குவரத்தை ஓரிரு வரியில் கடந்துவிடுவது பெருங்குறை. சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல்தூளும் கலந்த சாந்தால் எழுந்த அணைக்கு, அக்கல் வந்து சேராமல் ஒரு வரிசைகூட உயர்ந்திருக்காது.

1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டு, ஆறு ஏரியாகி, அதன் நீர் சுரங்கவழியே கம்பம் பள்ளத்தாக்கை அடைந்தது. மன்னான் பழங்குடியினர் அந்த ஏரியிலும் மூங்கில் தெப்பத்தில் சென்று மீன்பிடித்தனர். இன்று தேக்கடியில் சுற்றுலாப் பயணிகள் ஏறும் தெப்பங்களைச் செலுத்துவோரிலும் பழங்குடியினர் உண்டு. அன்று மூழ்கிய காட்டின் பட்டுப்போன அடிமரங்கள் நீருக்கு மேல் இன்னும் நிற்பதால், அவற்றுக்கு இடையே வழிபார்த்தே அவர்கள் துடுப்பிடுகின்றனர்.