வெளிநாட்டுப் பிராந்திய அதிகாரி (அமெரிக்கத் தரைப்படை)

காலாட்படை, பீரங்கிப்படை போன்ற ஒரு பிரிவில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், உலகின் ஒரு பகுதியுடைய மொழியையும் அரசியலையும் கற்று, தூதரகங்களிலும் படைத் தலைமையகங்களிலும் பணியாற்றும் அமெரிக்கத் தரைப்படை அதிகாரியே வெளிநாட்டுப் பிராந்திய அதிகாரி. பயிற்சி மூன்றாண்டு அளவுக்கு நீளும். கலிபோர்னியாவின் மாண்டரே நகரிலுள்ள ராணுவ மொழிப் பள்ளியில் ஸ்பானிஷுக்கு 36 வாரம், அரபிக்கும் சீனத்துக்கும் 64 வாரம். அதன்மேல் முதுகலைப் படிப்பு, அந்தப் பகுதியிலேயே தங்கிப் பெறும் பயிற்சி. நீலகிரியின் வெலிங்டனில் உள்ள முப்படை அதிகாரிகள் கல்லூரியிலும் அமெரிக்க அதிகாரிகள் இந்திய அதிகாரிகளோடு சேர்ந்து படிக்கிறார்கள்.

இப்படி ஊட்டி வளர்த்த திறமை கெடுவது பெரும்பாலும் பள்ளியில் அல்ல, அதற்குப் பிறகு வரும் பணியிட மாற்றங்களில். 1970களில் வந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு அதிகாரிக்கும் முதன்மைத் துறை ஒன்று, துணைத் துறை ஒன்று; வெளிநாட்டுப் பிராந்தியப் பணி துணைத் துறையாகவே இருந்தது. பதவி உயர்வுக் குழுவோ படைப்பிரிவை நடத்திய அனுபவத்தையே பெரிதாக எடைபோட்டது. ஆகவே சீனம் கற்றவர் மீண்டும் பட்டாலியனுக்குப் போனார். பேச ஆளில்லாமல் மொழி மங்கியது. மொழித் தேர்வின் மதிப்பெண் பொதுவாக ஓராண்டுக்குத்தான் செல்லும் என்பதே இந்த மங்கலின் வேகத்தைச் சொல்லும். 1997இல் முடிவான சீர்திருத்தம் துணைத் துறையைத் தனித் தொழில்பாதையாக்கியது. இதுதான் சரியான மருந்து என்று கருத வலுவான காரணம் உண்டு: ஒருவருடைய உயர்வு எந்த வேலையால் தீர்மானிக்கப்படுகிறதோ, அந்த வேலைக்கான திறமையைத்தான் அவர் பேணுவார். 2005இல் பாதுகாப்புத் துறை எல்லாப் படைகளும் இத்தகைய அதிகாரிகளை வளர்க்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

ஜோசப் ஸ்டில்வெல்லைக் காட்டி இந்தத் தனிப்பாதையின் தேவையை மறுப்பவர்கள் உண்டு. 1920களின் தொடக்கத்தில் பெய்ஜிங்கில் சீனம் கற்றவர், தியான்ஜினில் பட்டாலியன் நடத்தியவர், 1935 முதல் 1939 வரை ராணுவ இணைத்தூதர், பின்னர் சீன-பர்மா-இந்தியப் போர்க்களத்தில் அமெரிக்கப் படைகளின் தளபதி. மொழித் திறனும் படை நடத்தலும் ஒருவரிடம் கூடின. ஆனால் அந்தப் பட்டாலியனே சீன மண்ணில்தான் இருந்தது; படை நடத்தும்போதும் மொழி அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. இன்று டெக்சாஸ் முகாமுக்குத் திரும்பும் மேஜருக்கு அது வாய்க்காது. படைவீரர்களோடு தொடர்பு அறுந்துவிடும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது. முதல் சில ஆண்டுகளைப் படைப்பிரிவில் கழித்தபின்பே இப்பாதையில் சேர்ப்பதால் அந்த இழப்பு குறைகிறது, முற்றிலும் நீங்குவதில்லை. இப்பாதையில் வந்தவர் பின்னர் பட்டாலியன் நடத்துவதில்லை, அதனால் தளபதிப் பதவிகளுக்கு உயரும் வாய்ப்பும் அவருக்குக் குறைவு.