பனிப்பாலையில் ஒரு காவற்கோடு



பனிப்போர் என்னும் சொல்லை நாம் உருவகமாகவே கற்பிக்கிறோம். ஆனால், அப்போரில் உண்மையான உறைபனியில் இருந்து காவல் காத்தவர்களும் உண்டு.

1949இல் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தது. அதன் குண்டுவீச்சு விமானங்கள் எவ்வழியே வரும் என்னும் அச்சம் அமெரிக்காவைப் பற்றிக்கொண்டது. பூகோள உருண்டையில் மாஸ்கோவையும் சிகாகோவையும் ஒரு நூலால் இறுக இணைத்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறிக் கிரீன்லாந்தின் மீது செல்லும். வட துருவப் பகுதியே குறுக்குவழி என்பது மாணவர்களுக்கு எளிதில் விளங்கும்.

அவ்வழியைக் கண்காணிக்க அமெரிக்காவும் கனடாவும் 1954இல் முடிவு செய்தன. 1955இல் தொடங்கிய கட்டுமானம் 1957இல் நிறைவுற்றது. அலாஸ்காவிலிருந்து பாஃபின் தீவு வரை ஏறத்தாழ 4,800 கிலோமீட்டர் நீளத்திற்கு ரேடார் நிலையங்கள் எழுந்தன. மிகச் சிறிய நிலையங்களில் மூவர் மட்டுமே பணியாற்றினர்: நிலையத் தலைவர், இயந்திரப் பழுதுநீக்குநர், சமையற்காரர். குளிர்காலத்தில் பல வாரங்கள் கதிரவன் எழாது. கடல் உறைந்துவிட்டால் கப்பல் வராது, விமானமே துணை. அத்தனிமையில் இயந்திரங்களை ஓயாமல் இயங்கச் செய்வதே அவர்களின் கடமை.

அதே 1957 அக்டோபர் 4ஆம் நாள் ஸ்புட்னிக் விண்ணில் பாய்ந்தது. விமானங்களுக்காக அமைத்த காவல், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்குப் போதாதென்பது தெளிவாயிற்று. 1963இல் சிறு நிலையங்கள் மூடப்பட்டன. எஞ்சியவை 1993க்குள் புதிய அமைப்பிற்கு வழிவிட்டன. எதிர்பார்த்த பகைவிமானங்கள் வரவேயில்லை.

அதனால் அவர்களின் உழைப்பு வீணென்று கூறிவிட முடியாது. காவல் இருந்ததனாலேயே பகைவன் தயங்கியிருக்கலாம். ஆயினும், அதன் விலையைக் கொடுத்தவர் யார்? இனுயிட் மக்களின் வேட்டை நிலத்தில் எண்ணெய்ப் பீப்பாய்களும் பி.சி.பி. என்னும் நச்சு வேதிப்பொருளும் எஞ்சின. கனடிய பாதுகாப்புத் துறை தன் பொறுப்பிலிருந்த 21 இடங்களை 1996இல் தூய்மைப்படுத்தத் தொடங்கி, 2014இல்தான் முடித்தது. மூன்றே ஆண்டுகளில் கட்டியதன் கழிவை அகற்றப் பதினெட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன!

போர்களைக் கற்பிக்கையில் வென்றவர், தோற்றவர் என்று பட்டியலிடுகிறோம். நடவாத போரிலும் பாதிக்கப்பட்டவர் உண்டு என்பதையும் நம் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம்.