காற்றுக்கு விலை இல்லை

என் நண்பர் ஒருவர் பெரிய மோட்டார் வண்டி ஒன்று வைத்திருக்கிறார். அது எங்கள் தெருவுக்குள் நுழைந்துவிட்டால், எதிரே வரும் காய்கறிக்காரர் தம்முடைய தள்ளுவண்டியோடு பின்வாங்கித்தான் ஆக வேண்டும். உடம்புக்குத் தகுந்த வயிறும் அந்த வண்டிக்கு உண்டு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதில் என்னை ஏற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் புறப்பட்டார். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். அந்த அறுபதிலும் அவர் பேசியது டீசல் விலையைப் பற்றி மட்டுமே.

"விற்கவும் மனம் வரவில்லை, ஓட்டவும் கட்டுப்படியாகவில்லை. பெரிய வண்டி வைத்திருப்பவன் படும் பாட்டை யாராவது எழுதுகிறீர்களா?" என்று கேட்டார்.

எழுதுவதாக வாக்களித்தேன். அந்த வாக்கைத்தான் இப்போது நிறைவேற்றுகிறேன். ஆனால் அவர் எதிர்பார்த்த விதத்தில் அல்ல.

பழவேற்காட்டு ஏரி, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவில் பெரிய உப்பங்கழி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு ஓரமும் முகத்துவாரமும் நம்முடையவை. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டிக்கொண்டு, துணி வாங்கிக் கப்பலேற்றினார்கள். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. இன்று மிஞ்சியிருப்பவை கோட்டை இருந்த மேடும் கல்லறைகளுமே. கடல் கடந்து வந்த அந்தக் கப்பல்கள் அத்தனையும் காற்றை நம்பி வந்தவை. காற்று சில சமயம் வராமல் இருந்தது உண்டு. வந்த பிறகு விலை கேட்டது கிடையாது.

கடலுக்குச் சொன்னது கால்வாய்க்கும் பொருந்தும். 1806-இல் பாசில் காக்ரேன் என்ற தனவந்தர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வெட்டி, போகிற வருகிற படகுகளிடம் சுங்கம் வசூலித்தார். 1837-இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. வடக்கே பழவேற்காட்டு ஏரி வழியாகவும், தெற்கேயும் அது நீண்டுகொண்டே போயிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போது, கஞ்சிக்கு வழியற்ற ஜனங்களைக் கொண்டு அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை வெட்டி இணைத்தார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீளம்!

அந்த நீர்வழியில் சென்ற பெரிய வண்டிகள் எவை? பாய் விரித்த படகுகள். காற்று பிடித்தால் பாய். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவார்கள். அதுவும் போதாதபோது ஆட்கள் கரையில் இறங்கித் தோளில் கயிறு போட்டு இழுப்பார்கள். பாரதிதாசன் தம் 'மாவலிபுரச் செலவு' கவிதையில் பாடியிருப்பது இந்தக் கால்வாயில் போன ஒரு படகுப் பயணத்தைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எரிபொருளே தேவைப்படாத அந்தப் படகுகள் சுமந்து சென்ற சரக்குகளில் முக்கியமானது எரிபொருள்! ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து வெட்டிய விறகு ஏரியைக் கடந்து, கால்வாய் வழியே சென்னையின் விறகுத் தொட்டிகளுக்கு வந்து சேரும். பட்டணத்து அடுப்புகள் எரிந்தது பழவேற்காட்டுக் காற்றின் தயவில் என்று சொன்னாலும் பிழையில்லை.

பெரிய வண்டிக்காரர்களுக்கு எண்ணெயால் பெரிய சோதனை வந்தது இரண்டாம் உலக யுத்தத்தில். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பர்மா எண்ணெய் நின்றது. பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. பஸ் முதலாளிகள் வண்டியை ஓட்ட வழியில்லாமல் தவித்தார்கள். அப்போது டி.வி. சுந்தரம் அய்யங்காரின் நிறுவனம் கரிவாயுக் கலம் செய்து விற்றது. பஸ்ஸின் முதுகில் ஓர் உருளை, அதற்குள் அடுப்புக்கரி, கரியிலிருந்து எழும் வாயுவில் வண்டி ஓடும். மேடு வந்தால் மூச்சு வாங்கும். பிரயாணிகள் இறங்கித் தள்ளுவார்கள். டிக்கெட் வாங்கியவனே வண்டியையும் தள்ளுவது அந்தக் காலத்து வழக்கம்.

வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தக் காட்சியில் ஓர் உண்மை இருக்கிறது. எண்ணெய்க்குக் கஷ்டம் வரும்போது, வண்டி யாருடையதோ அவர் மட்டும் அதைச் சுமப்பதில்லை. இறங்கித் தள்ளுவதற்கு எப்போதும் வேறு யாரோ இருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்தது, எண்ணெய் பெருகியது. மீன்பிடி படகுகளுக்கும் இயந்திரம் வந்தது. 1973-இல் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் மூண்ட போருக்குப் பின், பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரைத் தொட்டது. மறுபடி பாய் கட்டலாமா என்று நிபுணர்கள் யோசித்தார்கள். சென்னையில் இருந்த வங்காள விரிகுடாத் திட்டத்தார், சிறு படகுகளின் எண்ணெய்ச் செலவைக் குறைக்கும் வழிகளைச் சொல்லி 1986-இல் ஒரு கையேடே வெளியிட்டார்கள். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் எண்ணெய் மிகவும் மிச்சமாகும் என்பது அவர்கள் வற்புறுத்திய பாடங்களில் ஒன்று. ஆனாலும் பாய் திரும்பவில்லை. கரையோரத்தில் மீன் அருகிவிட்டது. தொலைவுக்குப் போக வேண்டும். ஏலம் முடிவதற்குள் கரைக்கும் திரும்ப வேண்டும். 2004 டிசம்பரில் சுனாமி வந்து போன பிறகு, நிவாரணமாக வந்தவையும் பெரும்பாலும் இயந்திரம் பூட்டிய பைபர் படகுகளே.

அன்று முகத்துவாரத்துப் பக்கம் அப்படி ஒரு படகின் நிழலில் பெரியவர் ஒருவர் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தார். படகு அவருடையது. என் நண்பருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது; தம்மைப் போலவே பெரிய வண்டி வைத்து அவதிப்படும் ஒரு ஜீவனைக் கண்டுவிட்டார் அல்லவா?

"எண்ணெய் விலை ஏறினால் உங்கள் பாடு கஷ்டந்தான், இல்லையா பெரியவரே?"

பெரியவர் ஊசியை நிறுத்தினார். "எனக்கு மட்டும்னு யார் சார் சொன்னது? எண்ணெய் காசை எடுத்துட்டுத்தானே பங்கே போடறோம். எங்கப்பா காலத்துல காத்துக்கு யாரும் பில்லு போடலை. கிடைச்சதைப் பிரிச்சுக்கிட்டாங்க."

அவர் சொன்னதை நான் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பங்கு விகிதம் ஊருக்கு ஊர், தொழிலுக்குத் தொழில் மாறும். படகுக்கும் வலைக்கும் பாதி, தொழிலுக்குப் போன ஐந்து பேருக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். மீன் 10,000 ரூபாய்க்கு ஏலம் போயிற்று. எண்ணெய்க்கு 3,000 கழித்தால் மிச்சம் 7,000. படகுக்கு 3,500, ஆளுக்கு 700. எண்ணெய்ச் செலவு 4,000 ஆகட்டும். இப்போது படகுக்கு 3,000, ஆளுக்கு 600. ஏறிய ஆயிரத்தில் பாதியைக் கொடுத்தவர்கள், படகில் ஓர் ஆணிகூடச் சொந்தமில்லாத அந்த ஐந்து பேர்!

மீன் படாத நாளில் கணக்கு இன்னும் கொடியது. 4,000 ரூபாய்க்குத்தான் மீன் விற்றது என்றால் அவ்வளவும் எண்ணெய்க்கே சரி. பாய்மரக் காலமாக இருந்தால் அதே மீனுக்கு ஆளுக்கு 400 கிடைத்திருக்கும். எண்ணெய்க்கு முதல் பந்தி. மனிதனுக்கு இரண்டாம் பந்தி. முதல் பந்தியிலேயே சோறு தீர்ந்துபோனால், இரண்டாம் பந்திக்காரன் குழம்புக்கு நாலு மீனை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான்.

படகுக்காரரைப் பொல்லாதவர் என்று நான் சொல்ல வரவில்லை. லாரி முதலாளி டீசல் ஏறினால் வாடகையை ஏற்றலாம்; அதை மளிகைக்கடை வழியாக நாம் கொடுத்துவிடுகிறோம். மீனுக்கு விலை வைப்பதோ படகுக்காரர் அல்ல; கரையில் நடக்கும் ஏலம். இன்று டீசல் ஏறியது என்று ஏலம் கேட்பவரிடம் சொன்னால் அவர் காதில் விழாது. பல படகுகளுக்கு வியாபாரியிடம் முன்பணக் கடன் வேறு. விசைப்படகுகளுக்கு அரசு வரி நீக்கிய டீசல் கொடுக்கிறது. அதற்கும் அளவு உண்டு. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2017 ஜூன் முதல் விலை தினந்தோறும் மாறலாயிற்று. 2022 ஏப்ரலில் சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. மேலே தள்ள வழியில்லாத பாரம் கீழேதான் இறங்கும்.

இத்தனைக்கும், பகிர்ந்துகொள்ளத் தெரியாத ஊர் அல்ல இது. ஏரிக்குள் இறால் வலை கட்டும் நல்ல இடங்களுக்கு இங்கே 'பாடு' என்ற பழைய முறை உண்டு. வளமான இடத்தை ஒருவரே ஆளாமல், உரிமையுள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு மாறி மாறி வலை கட்டுகிறார்கள். இன்று உனக்கு நல்ல தண்ணீர், நாளை எனக்கு. தண்ணீரின் அதிர்ஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள இத்தனை நேர்த்தியாக வழி கண்டவர்களுக்கு, எண்ணெயின் துரதிர்ஷ்டத்தைப் பங்கிட ஒரு நியாயமான வழி காண முடியாதா? பாதி விலை ஏற்றத்தையாவது படகின் பங்கிலிருந்து தனியே எடுத்தால் என்ன? அதற்கு முன்னால் படகுக்காரரின் கடன் பாரத்தை யார் இறக்கிவைப்பது? இவை என்னைவிட அந்தப் பெரியவருக்குத்தான் நன்றாகத் தெரிந்த கேள்விகள்.

அவர் வடக்கே கையைக் காட்டினார். அங்கேதான் ஸ்ரீஹரிகோட்டா. விறகு அனுப்பிய அந்தத் தீவிலிருந்து 1971 முதல் ராக்கெட்டுகள் கிளம்புகின்றன. ராக்கெட் கிளம்பும் நாளில் இந்தப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது.

"அன்னைக்கு எண்ணெய்ச் செலவு இல்லை சார். வரும்படியும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் மறுபடி ஊசியை எடுத்தார்.

திரும்பும்போது நண்பர் டீசலைப் பற்றிப் பேசவில்லை. பொன்னேரி தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"என் டிரைவருக்குச் சம்பளம் உயர்த்தி இரண்டு வருஷம் ஆகிறது. டீசல் விலையைக் காரணம் சொல்லித்தான் தள்ளிப்போட்டேன்" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. டிரைவருக்கு விடுமுறை. வண்டியை நண்பரே ஓட்டிக்கொண்டிருந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக.